ஒரு குறையாவது எழுதவும்

ஹோட்டல் அறை என்றாலே எனக்கு அருவருப்பு. பதினோரு வருஷமாக ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிறவள் நான். நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப்போன பிறகு அங்கே என்ன கிடக்கும் என்று எனக்குத்தான் தெரியும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் வெட்டிப்போட்ட நகம். மேஜைக்கு அடியில் மென்று ஒட்டிய சூயிங்கம். வெந்நீர் கெட்டிலுக்குள் ஒருமுறை ஒரு ஜோடி காலுறை. அதைக் கெட்டிலில் போட்டு அவித்த பெரிய மனுஷர் கோட்டும் டையுமாக லிஃப்டில் எனக்கு வணக்கம் வேறு சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிப்பட்டவளிடம்தான் என் பிள்ளைகள், "எப்பம்மா சிட்டிக்குப் போறோம்?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருப்பது கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். இரண்டு தெரு நடந்தால் ஊர் முடிந்துவிடும். மகளுக்குப் பதினோரு வயது. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். மகனுக்கு ஆறு வயது. பூமிக்கடியில் ஓடும் ரயிலில் ஏற வேண்டும், கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நின்று தலைக்கு மேலே சுறா நீந்துவதைப் பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கும் இவ்வளவுதான் ஆசை. போன வருஷமே கூட்டிப்போவதாகச் சொல்லி ஏமாற்றியிருந்தேன். மகன் அப்போது வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டிய சுறா, ஓரமெல்லாம் சுருண்டு இன்னும் அங்கேயே தொங்கியது. இந்த முறையும் ஏமாற்றினால் என் பேச்சுக்கு வீட்டில் மரியாதை இருக்காது.

என் கணவர் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். கடையை மூடிவிட்டு வந்து கையில் கறையோடு என் பக்கத்தில் உட்காருவார். மூன்று வாரம் போனில் மலிவான லாட்ஜ்களைத் தேடினோம். தங்கியவர்கள் எழுதியதை என்னைப்போல் படிக்க ஒருவராலும் முடியாது. 'பணியாளர்கள் மிகவும் அன்பானவர்கள்' என்று இருந்தால் கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று பொருள். 'கொடுத்த காசுக்குப் பரவாயில்லை' என்றால் மூட்டைப்பூச்சி. 'சுற்றிப்பார்க்க வசதியான இடம்' என்றால் எழுதியவருக்கு அறைக்குள் போகவே பிடிக்கவில்லை.

"நீ பார்க்கிற பார்வைக்கு நாம ரோட்டுலதான் படுக்கணும்," என்றார் கணவர்.

"ரோட்டைத் தினமும் பெருக்குறாங்க. இந்த லாட்ஜைப் பெருக்கின மாதிரியே தெரியல."

கடைசியில் மிஞ்சியது ஒரே வழி. எங்கள் முதலாளிக்கு இரண்டு ஹோட்டல். ஒன்று எங்கள் ஊரில், நான் வேலை செய்வது. இன்னொன்று சிட்டியில். இங்கே வேலை செய்கிறவர்கள் அங்கே, அங்கே வேலை செய்கிறவர்கள் இங்கே, வருஷத்துக்கு ஒருமுறை பாதி வாடகையில் தங்கலாம். ஆனால் சும்மா இல்லை. கிளம்பும்போது ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். நாற்பது கட்டம். அறையில் என்ன குறை, யார் பொறுப்பு. மேலே தடித்த எழுத்தில் அச்சடித்திருப்பார்கள்: 'ஒரு குறையாவது எழுதவும்.' எழுதாவிட்டால் முழு வாடகை. ஒருத்தி விருந்தாளியாகப் போக வேண்டுமானால் இன்னொருத்தியைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இதை யோசித்துக் கண்டுபிடித்தவன் வாயில் பினாயிலை ஊற்றிக் கழுவ வேண்டும்.

எனக்கு இது புதிதல்ல. நாங்கள் சுத்தம் செய்த அறையில், தலையணை மேல் ஒரு சீட்டு வைப்போம். 'இந்த அறையைத் தயார் செய்தவர்' என்று போட்டு எங்கள் எண் இருக்கும். இரண்டு ஹோட்டலுக்கும் சேர்த்து ஒரே வரிசை எண்; என் எண் பதினான்கு. போன வருஷம் மூன்றாவது மாடியில் சிட்டி ஹோட்டல்காரி ஒருத்தி குடும்பத்தோடு வந்து தங்கினாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவர்கள் வெளியே போயிருந்த நேரத்தில் அறையைத் துடைத்து, பிள்ளைகள் இருக்கிறார்களே என்று ஒரு டவலை மடித்து முயல் செய்து கட்டிலில் வைத்துவிட்டு வந்தேன். அவள் என்ன எழுதினாள் தெரியுமா? 'குளியலறை வடிகாலில் தலைமுடி. பொறுப்பு: 14.'

ஆறு மாதம் என்னை அழுக்குத் துணி அறைக்கு அனுப்பினார்கள். ஜன்னலே இல்லாத அடித்தளம். இருநூறு அறையின் படுக்கை விரிப்பையும் டவலையும் கையால் பிரித்துப் போட வேண்டும். எது எதைத் துடைத்த டவல் என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும். அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன், நீங்கள் சாப்பிட வேண்டும். அந்த ஆறு மாதமும் லீவு கிடையாது. பிள்ளைகளின் பயணம் அதில்தான் போனது. முகம் தெரியாத அவளை நான் திட்டாத நாள் இல்லை.

ஆகவே இந்த வருஷம் சிட்டிக்குப் போகத் தயாரானபோது பிள்ளைகள் புதுச் சட்டை எடுத்து வைத்தார்கள், நான் டார்ச் எடுத்து வைத்தேன்.

நடுப்பகலுக்கு அறைக்குள் நுழைந்தோம். ஐந்தாவது மாடி. தலையணை மேல் சீட்டு: 27. கட்டிலில் டவலை மடித்துச் செய்த ஒரு யானை.

"ஐ, யானை!" என்று பாய்ந்த மகனைச் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினேன்.

"யாரும் எதையும் தொடக் கூடாது. அப்படியே நில்லுங்க."

மூன்று பேரும் முதுகில் பையோடு வாசலில் நின்றார்கள். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். மெத்தையைத் தூக்கித் தையலில் டார்ச் அடித்தேன். தலையணையை மோந்தேன். கதவின் மேல் விளிம்பை விரலால் தடவினேன். அங்கே யாரும் துடைக்க மாட்டார்கள், நானே துடைத்ததில்லை. தூசி இல்லை. குழாயின் அடிப்பக்கம், திரைச்சீலையின் மடிப்பு, கழிவறை மூடியின் திருகு, கெட்டிலின் உள்பக்கம். எங்கேயும் ஒன்றும் இல்லை. கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்தால் விரல்தடம்கூட இல்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இவ்வளவு சுத்தமாக வைத்திருக்க இவளுக்கு ஏது நேரம்?

"அம்மா, ஒண்ணுக்கு வருது," என்றான் மகன்.

"பாத்ரூமை இன்னும் பார்த்து முடிக்கல. அடக்கிக்கோ."

"ஏய், அவன் குழந்தை," என்றார் கணவர். "வந்து ஒரு மணி நேரம் ஆச்சு. ஊரைச் சுத்திப் பார்க்க வந்தோமா, ரூமைச் சுத்திப் பார்க்க வந்தோமா?"

"படிவத்துல எழுத ஒண்ணு கிடைக்கணும். இல்லன்னா முழு வாடகை. அப்புறம் மீன் பார்க்கக் கையில என்ன மிஞ்சும்?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. அவள் பையைக் கீழே இறக்கிவிட்டு என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டாள். அம்மாவும் மகளும் தரையில் குப்புறப் படுத்துக் கட்டிலுக்கு அடியில் தேடினோம். சிட்டியில் எங்கள் முதல் பிற்பகல் அப்படிப் போனது.

சாயங்காலம் பூமிக்கடியில் ஓடும் ரயிலில் ஏறினோம். மகன் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு இருட்டைப் பார்த்தே சிரித்தான். நான் அந்தக் கண்ணாடியில் எத்தனை பேர் மூக்கு அழுந்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் சிரிக்கவே இல்லை. "அம்மா, ஏசிக்குப் பின்னாடி பார்த்தியா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் படிவத்தைக் கொடுத்துவிட்டு அறையைக் காலி செய்ய வேண்டும். அங்கிருந்து நேரே மீன் காட்சியகம். காலையில் மகளுக்குக் குளியலறையில் வைத்துத் தலைவாரிப் பின்னிவிட்டேன். பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவள் கத்தினாள்.

"அம்மா! கண்டுபிடிச்சுட்டேன்!"

ஓடினேன். வடிகால் மூடியின் ஓட்டையில் சுற்றிக்கொண்டு நீளமாக ஒரு தலைமுடி. எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "என் தங்கமே!" என்று அவளைக் கட்டிக்கொண்டு உச்சியில் முத்தம் கொடுத்தேன். அவளும் சிரித்தாள். உடனே படிவத்தை எடுத்து எழுதினேன். 'குளியலறை வடிகாலில் தலைமுடி.' அதே வார்த்தைகள். பொறுப்பு என்ற கட்டத்துக்கு வந்தபோது அந்தச் சீட்டில் எண்ணைப் பார்க்கத் திரும்பினேன். அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

டிராலியோடு நின்றவள் என் வயதுக்காரி. இரண்டு மணிக்கட்டிலும் வலிக்குக் கட்டும் பட்டை. எனக்கும் மழைக்காலத்தில் அதே பட்டைதான்.

"காலி பண்ணிட்டீங்களா அக்கா? இன்னும் நேரம் இருக்கு, அப்புறமா வரேன்," என்றவள் கட்டில்மேல் கிடந்த டார்ச்சைப் பார்த்தாள். "ஓ. கடற்கரை ஹோட்டலா?"

"ஆமா. இருபத்தேழு நீதானா?"

"நான்தான்."

"ஒரு விஷயம் கேக்கணும். போன வருஷம் இங்கேயிருந்து ஒருத்தி எங்க ஹோட்டலுக்குக் குடும்பத்தோட வந்தா. மூணாவது மாடி. வடிகால்ல முடின்னு எழுதிட்டுப் போனா. அது யாருன்னு தெரியுமா?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. டிராலியின் கைப்பிடியைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"பதினாலு நீங்களா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நான்தான்க்கா எழுதினேன்."

வருஷம் முழுக்க நான் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் தொண்டைக்கு வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "நிஜமாவே முடி இருந்துச்சா?"

"இருந்துச்சு. என் பெரியவளோடது. காலையில தலைசீவிவிட்டப்ப விழுந்தது. ரெண்டு நாளும் தேடினேன்க்கா, உங்க ரூம்ல வேற ஒண்ணுமே கிடைக்கல. பிள்ளைங்க கடல்ல படகுல போகணும்னு ஒரே அழுகை. முழு வாடகை கட்டியிருந்தா போயிருக்க முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க செஞ்சு வச்ச முயலைச் சின்னவ இன்னும் வச்சிருக்கா," என்றாள்.

"அந்த டவலையும் நீதான் எடுத்துட்டுப் போனியா? அதுக்கும் நான்தான்டி பதில் சொன்னேன்!"

அவளுக்குச் சிரிப்பு வந்து, உடனே நின்றுபோனது. கதவோர மேஜைமேல் இருந்த படிவம் அவள் கண்ணில் பட்டுவிட்டது. தலைகீழாக இருந்தும் படித்துவிட்டாள்.

"எழுதிக்கோங்கக்கா. இங்கேயும் அழுக்குத் துணி அறைதான். எனக்கு முதல் தடவை," என்று சொல்லிவிட்டு டிராலியை அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

குளியலறைக்குள் போய் அந்த முடியை எடுத்துப் பார்த்தேன். வேர்ப்பக்கம் பசைபோல் ஈரமான ஒரு சின்ன உறை. சீப்பில் உதிர்ந்த முடி இப்படி இருக்காது, வேரோடு பிடுங்கினால்தான் இப்படி.

"இது யாரோட முடி?" என்றேன்.

இன்ஸ்பெக்டர் என் கண்ணை நேராகப் பார்த்தாள். "என்னோடதுதான். நீதானே ஒண்ணாவது கிடைக்கணும்னு சொன்ன? தம்பி ராத்திரி எல்லாம் சுறா சுறான்னு புலம்பினான்."

கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடி கழுவினேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே குமட்டிக்கொண்டு வந்தது. கெட்டிலில் காலுறை போட்டவனைக்கூட நான் இவ்வளவு அருவருத்ததில்லை. அவன் தண்ணீரைத்தான் கெடுத்தான். நான் ஒரே பகலில் என் மகளுக்குத் தலைமுடியைப் பிடுங்கி வடிகாலில் செருகக் கற்றுக்கொடுத்து, அதற்கு முத்தமும் கொடுத்திருக்கிறேன்.

கணவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "இப்ப என்ன செய்யப்போற? எழுதாம விட்டா மீன் கிடையாது. இவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லு," என்றார்.

மகன் யானையை மடியில் வைத்துக்கொண்டு, ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, கிளம்பத் தயாராக இருந்தான்.

படிவத்தை எடுத்தேன். குறை எழுதியாகிவிட்டது. பொறுப்பு கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்பி, மடித்து, கீழே கொண்டுபோனேன்.

ரிசப்ஷனில் இருந்தவர் டை கட்டிய இளவயது மேனேஜர். கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று மட்டும் பேனா முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது அதைத்தான். எங்கள் ஊர் மேனேஜரும் அப்படித்தான், எண் இருக்கிறதா என்று பார்ப்பார், யாருடைய எண் என்று பார்க்க மாட்டார். முத்திரை குத்தி, பாதி வாடகைக்கு ரசீது கிழித்துக் கொடுத்தார்.

"உங்க ஒத்துழைப்புக்கு நன்றி மேடம்."

"யானையை மேலேயே வச்சிட்டு வந்துட்டோம். எண்ணிக்கோங்க, டவல் குறையாது," என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நாங்கள் நின்றபோது சுறா உண்மையிலேயே தலைக்கு மேலே வந்தது. மகன் வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றான். அவனை அப்பாவிடம் விட்டுவிட்டு மகள் என் பக்கம் வந்தாள்.

"அம்மா, பொறுப்புன்னு யார் நம்பர் எழுதின? அந்த ஆன்ட்டியோடதா?"

"இல்ல. பதினாலு."

அந்த எண் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். என் சீருடைச் சட்டையில் தினமும் பார்க்கிறாள். அவள் காதுக்கு மேலே, முடி பிடுங்கிய இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

"ஆனா நீ தப்பு ஒண்ணும் செய்யலியே?"

"செஞ்சேன்டி," என்றேன்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "சிட்டி ரூம்ல முடி விழுந்ததுக்கு இங்க இருக்கிற நீ எப்படிப் பொறுப்பு?" என்று கேட்டாள். என் வீட்டு முடிதான் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு, ஆனால் மேலிடத்து முத்திரை இருக்கிறதே என்று, அடித்தளத்துச் சாவியை என்னிடம் நீட்டினாள். ஆறு மாதம். கீழே இறங்கும்போதே அந்த நாற்றம் படிக்கட்டில் எதிரே வந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு முதல் மூட்டையை அவிழ்த்தேன்.