தாய்மாவின் தாய்

"அப்பா, இது தாய்மாவுன்னா, இதுக்கு அம்மா யாரு?"

ரொட்டிக்காரரின் மகள் முன்பல் விழுந்திருந்த வயதில் கேட்ட கேள்வி. கடையின் பின்கட்டில் மாவு பிசையும் மேடைக்குக் கீழே குந்திக்கொண்டு, பீங்கான் சாடிக்குள் குமிழ் விட்டுக்கொண்டிருந்த மாவை எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

அந்தக் கடையில் ரொட்டி உப்புவதற்கு வெளியிலிருந்து எதையும் வாங்கிச் சேர்ப்பதில்லை. சாடியில் இருக்கும் புளித்த மாவில் வேண்டியதை எடுத்துப் புதுமாவோடு பிசைவார்கள். மிச்சத்துக்குக் கொஞ்சம் மாவும் தண்ணீரும் ஊட்டி மூடிவைப்பார்கள். மறுநாள் அது மறுபடி பொங்கி நிற்கும். அதற்குத்தான் தாய்மாவு என்று பெயர்.

"உன் கொள்ளுத்தாத்தா போட்டதும்மா. அன்னையிலேர்ந்து ஒருநாள்கூட செத்ததில்ல" என்றார் ரொட்டிக்காரர்.

"தாத்தா எப்படி அம்மா ஆவார்?" என்று குழந்தை விடாமல் கேட்டாள். கடையில் ரொட்டி வாங்க நின்றவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்த ரொட்டிக்காரரின் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் எதற்கும் லேசில் சிரிக்கிறவள் இல்லை என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் குழந்தை வளர்ந்து, இப்போது கடை வியாபாரம் முழுவதையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். கேள்வி எல்லாருக்கும் மறந்துபோயிற்று. அதை ஞாபகப்படுத்துவதற்கு நகரத்துக்கே பிறந்தநாள் வரவேண்டியிருந்தது.

நகரம் உண்டான நாளைக் கொண்டாடுவது என்று நகராட்சி முடிவு செய்தது. கோட்டையையும் கோபுரத்தையும் எத்தனை தடவைதான் காட்டுவது, இந்த முறை பழைய கடைகளைக் கௌரவிப்போம் என்று யாருக்கோ நல்ல புத்தி தோன்றியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் ஒரே தொழில் செய்கிறவர்களைத் தேடிப் பிடித்தார்கள். குடைக்கடை, பூட்டுக்கடை, மூக்குக்கண்ணாடிக்கடை, கடிகாரக்கடை எல்லாம் சேர்ந்தன. முதல் நாள் நகர மன்றத்தில் கண்காட்சி. மறுநாள் ஊர்வலம். ஊர்வல முடிவில் ஒவ்வொரு கடைக்கும் வாசல் சுவரில் பதிக்க ஒரு கல்வெட்டு அறிவிப்பார்கள், பிறகு செதுக்கித் தருவார்கள்.

ரொட்டிக்கு இரண்டு கடைகள் வந்தன. அதுதான் வம்பு. ரொட்டிக்காரரின் கடைக்கு நேர் எதிரே இன்னொரு ரொட்டிக்கடை. அதன் சொந்தக்காரரைத் தெரு முழுக்க 'மீசை' என்றுதான் கூப்பிடும். அவருடைய சாடியும் பழையது. எது முதலில் வந்தது என்று இரண்டு குடும்பமும் பாட்டன் காலத்திலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சண்டை என்றால் அடிதடி இல்லை, வாய்தான். "உங்க ரொட்டியைத் தரையில போட்டா பந்து மாதிரி எகிறுதாமே" என்று இவர் கேட்பார். "பரவாயில்ல, உங்களுது விழுந்தா தரை உடையுதாம்" என்று பதில் வரும். இரண்டு பேரும் காலையில் கடை திறந்ததும் இதைச் சொல்லாவிட்டால் அன்றைக்கு வியாபாரம் ஓடாது.

கண்காட்சியில் இரண்டு சாடிகளையும் வைக்க வேண்டும், கல்வெட்டில் 'அறுபடாத மாவு' என்று பொறிக்கப்போகிறோம் என்று விழாக் குழுவினர் சொன்னார்கள். ரொட்டிக்காரர் யோசித்தார். உயிருள்ள தாய்மாவைத் தெருவில் போகிறவன் வருகிறவன் கண்ணுக்கு முன்னால் வைப்பதா? வெறும் மாவைத் தண்ணீரில் கரைத்து, வேறொரு பழைய சாடியில் ஊற்றிக் கொடுத்தனுப்பிவிட்டார். யாருக்குத் தெரியப்போகிறது. மனசாட்சி ஒரு மூலையில் முனகியது. அதைத் தட்டித் தூங்கவைத்தார்.

மீசை அப்படிச் செய்யவில்லை. அன்றைய ரொட்டியைச் சுட்டு முடித்ததும், மிச்ச மாவோடு சாடியை அப்படியே தூக்கிக்கொண்டு போனார். கொஞ்சம் வீட்டில் எடுத்துவைக்கச் சொல்லி அவர் மனைவி எவ்வளவோ கெஞ்சினாளாம். பெற்றவளைப் பாதியாகப் பிளந்தா சபையில் கொண்டுபோய் உட்காரவைப்பது என்று கேட்டாராம். தாய்மாவோடு பிறந்து வளர்ந்தவனுக்கு மட்டும்தான் இப்படி ஒரு பைத்தியம் பிடிக்கும்.

கண்காட்சியில் ஒரு விளையாட்டும் வைத்திருந்தார்கள். கடைக்காரர்களின் கண்ணைக் கட்டிவிட்டு, அவரவர் பொருளை அடையாளம் காட்டச் சொல்வது. குடைக்காரர் விரியும் சத்தத்திலேயே தன் குடையைக் கண்டுபிடித்துவிட்டார். பூட்டுக்காரர் சாவி திரும்பும் சத்தத்தில். மன்றம் கைதட்டிக் கைதட்டி ஓய்ந்தபோது ரொட்டிக்காரரின் முறை வந்தது.

இரண்டு துண்டுகள் கொடுத்தார்கள். ரொட்டிக்காரர் முதல் துண்டை மோந்து பார்த்தார். மொறுமொறுப்பான மேல்தோலைக் காதருகே வைத்து அழுத்தி அது நொறுங்கும் ஓசையைக் கேட்டார். பிறகு மென்றார். இரண்டாவதையும் அப்படியே. அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"முதல்ல கொடுத்தது எங்க கடை ரொட்டி" என்றார். "இந்தப் புளிப்பு எங்க சாடியைத் தவிர உலகத்தில வேற எங்கேயும் வராது. இரண்டாவது யாருதுன்னு நான் சொல்லவே மாட்டேன். பெரிய மனுஷங்க இருக்கிற இடம்."

மன்றம் சிரித்தது. அவருக்கு உச்சி குளிர்ந்தது. கண்கட்டை அவிழ்த்தார்கள்.

முதல் துண்டு வைத்திருந்த தட்டின் கீழே மீசையின் கடை அட்டை இருந்தது.

சிரிப்பு சட்டென்று அறுந்து, பிறகு இரண்டு மடங்காக எழுந்தது. ரொட்டிக்காரருக்கு அது எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருந்தது. வாயில் இன்னும் அந்த ருசி இருந்தது. சத்தியமாகத் தன் வீட்டு ருசி. ஆயுள் முழுக்கத் தின்றதை, ஆயுள் முழுக்கப் பழித்ததிலிருந்து பிரித்துச் சொல்லத் தெரியவில்லை என்றால், இத்தனை நாள் தான் எதைச் சுட்டுக்கொண்டிருந்தோம்?

அடுத்து மீசை. அவர் இரண்டு துண்டையும் மாற்றி மாற்றி மென்றார். பிறகு கண்கட்டைத் தானே கழற்றினார். முகம் வெளிறியிருந்தது.

"ரெண்டிலயும் எங்க அம்மா கைமணம் இருக்கு. எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல" என்றார்.

அதற்கும் மன்றம் சிரித்தது. இரண்டு ரொட்டிக்காரர்களும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை.

வீட்டுக்கு வந்த ரொட்டிக்காரர் நேராகப் பின்கட்டுக்குப் போய்ச் சாடியின் முன்னால் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றவில்லை. மாவு வழக்கம்போலக் குமிழ் விட்டது. அக்கா கல்லாச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து கதவருகே நின்றாள்.

"நாக்கு செத்துப்போச்சுக்கா" என்றார். "வயசாயிடுச்சு. அதான் வேற என்ன."

"உன் நாக்கு சரியாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. "வாய்தான் நீளம். தள்ளி உட்காரு. சொல்லக் கூடாதுன்னு ஒருத்தங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க, அப்பாவும் இல்ல. இனிமே யாரைக் காப்பாத்தறதுக்கு மறைக்கணும்?"

அம்மா இறந்த சமயம், ரொட்டிக்காரர் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை. அப்பா கடையை இழுத்துச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சோறு தண்ணீர் இல்லை, பேச்சு இல்லை. சாடியை ஒருவரும் நினைக்கவில்லை. பாவாடைச் சிறுமியாக இருந்த அக்காவுக்கு ஒருநாள் திடீரென்று ஞாபகம் வந்து திறந்து பார்த்தால், மாவு கறுத்து நாறிக் கிடந்தது. பெண்டாட்டியும் போய்விட்டாள், இனி இந்தச் சாடி ஒன்றுதான் மிச்சம் என்று அப்பா முந்தின நாள்தான் ஒரே ஒரு தடவை முனகியிருந்தார். சிறுமி சாடியைக் கட்டிக்கொண்டு பின்சந்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். தெருவுக்கே பொதுவான அந்தச் சந்துக் குப்பைமேட்டில் சாம்பல் கொட்ட வந்த எதிர்க்கடைக்கார அம்மா, மீசையைப் பெற்றவள், அதைப் பார்த்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை கேட்கல. சாடிக்குள்ள பார்த்தாங்க, என் முகத்தைப் பார்த்தாங்க, போயிட்டாங்க. திரும்பி வரும்போது துணிக்கடியில அவங்க சாடியிலேர்ந்து ஒரு பந்து மாவு. அவங்களே நம்ம சாடியைக் கழுவி, காயவச்சு, மாவைப் போட்டு ஊட்டிவிட்டாங்க. உங்க அப்பா கேட்டா தினமும் நான்தான் பார்த்துக்கிட்டேன்னு சொல்லு, மனுஷன் இப்போ இருக்கிற நிலைமையில இதைத் தாங்க மாட்டார்னாங்க. மறுநாள் அப்பா தானா எழுந்து வந்து மூடியைத் திறந்தாரு. குமிழ் வந்திச்சு. அதைப் பார்த்ததும்தான் அம்மாவுக்காக முதல் தடவையா அழுதாரு. அழுது முடிச்சுட்டு அடுப்பை மூட்டினாரு."

ரொட்டிக்காரர் சாடியின் விளிம்பைத் தடவினார். சாடி அதே சாடிதான். ஆனால் தன் வீட்டில் யாரோ முகம் தெரியாதவர் உட்கார்ந்திருப்பதுபோல அதைப் பார்த்தார்.

"அன்னைக்கு அவங்க பேசாம சாம்பலைக் கொட்டிட்டுப் போயிருந்தா, இந்தத் தெருவில ஒரு ரொட்டிக்கடைதான் இருந்திருக்கும்" என்றாள் அக்கா. "உன் பொண்ணு சின்ன வயசில தாய்மாவுக்கு அம்மா யாருன்னு கேட்டாளே, ஞாபகம் இருக்கா? எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு."

மறுநாள் காலை கடை திறந்தபோது எதிரே கதவு சாத்தியிருந்தது. மூக்குக்கண்ணாடிக்காரர் ஊர்வலத்துக்குப் போட்ட புதுச்சட்டையோடு தெருவைத் தாண்டி ஓடிவந்தார். அவருக்கு ஊர்ச்செய்தியை முதலில் சொல்லாவிட்டால் தொண்டை வலிக்கும்.

கண்காட்சியில் சாடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பார்வையாக இருக்கட்டும் என்று மேலே பெரிய பெரிய விளக்குகளைப் போட்டிருந்தார்களாம். நாள் முழுக்க எரிந்த சூட்டில் மீசையின் மாவு உள்ளேயே வெந்துவிட்டதாம். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்த்த மீசை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். விடிந்ததும் விழாக் குழுவுக்குப் போய், என் தாய்மாவு செத்துப்போச்சு, கல்வெட்டில் அறுபடாத மாவு என்று என் பெயரைப் போடாதீர்கள் என்று அவரே சொல்லிவிட்டு வந்தாராம்.

"உங்க மாவு மட்டும் எப்படி அண்ணே தப்பிச்சது? அதுதான் குடும்பப் புண்ணியம்" என்றார் மூக்குக்கண்ணாடிக்காரர். "இனிமே நீங்க ஒருத்தர்தான். எதிரே ஆளே இல்ல."

ரொட்டிக்காரர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். வைத்த இடம் தெரியாமல் வைத்ததில் ரொட்டிகள் சரிந்து விழுந்தன. குடும்பப் புண்ணியம் என்ற சொல் அவரை அறைந்தது. தப்பித்தது பொய் சொன்னதால். பொய்க்காரனின் சாடியில் இருப்பதோ, உண்மை பேசியவனுடைய அம்மாவின் மாவு. எதிர்வீட்டில் செத்தது இந்த வீட்டில் உயிரோடு இருக்கிறது. அது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அக்கா கல்லாவிலிருந்து அவரைப் பார்த்தாள்.

நேரே போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். சொன்னால் என்ன ஆகும்? தன் அம்மா புருஷனுக்குத் தெரியாமல் எதிரிக்கு மாவு கொடுத்தாள் என்ற கதையையும் சேர்த்தல்லவா மீசை விழுங்க வேண்டும். அந்த அம்மாள் அப்படிக் கொடுக்கவில்லையே. வாங்கினவர் தலை குனியாதபடி அல்லவா கொடுத்தாள்.

ஊர்வலத்துக்குத் தெருவே கிளம்பியது. மகள் வந்து கூப்பிட்டாள். முழங்கால் பிடித்துக்கொண்டது, நீயும் அத்தையும் போங்கள் என்றார். கல்வெட்டில் அந்த அறுபடாத மாவு என்ற வரியை நமக்கும் போட வேண்டாம் என்று குழுவிடம் சொல்லிவிடு என்றார்.

"ஏம்ப்பா? அதானே நம்ம பெருமை."

"ரொட்டிக்கடைன்னு போட்டா போதும்மா. அது பொய் இல்ல."

மகள் குழப்பத்தோடு அத்தையைப் பார்த்தாள். அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எதிர்க்கதவு திறந்தது. மீசை தன் மனைவியோடும் பிள்ளைகளோடும் இறங்கினார். வரவில்லை என்றால் தெருவுக்கு மரியாதை இல்லை என்று குடைக்காரர் வற்புறுத்தியிருந்தார். சவத்துக்குப் பின்னால் நடப்பதுபோல நடந்தார். இன்றைக்குத் தரையைப் பற்றியும் பந்தைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

மேளச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் ரொட்டிக்காரர் தாய்மாவில் பெரிய பந்தாக ஒன்றை எடுத்தார். ஈரத்துணியில் சுற்றினார். பின்சந்து வழியாகத் தெருவைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கடையின் பின்பக்கம் போனார். அடுப்புச் சூடு வெளியேறுவதற்காக ரொட்டிக்கடைகளின் பின்கதவை யாரும் தாழிடுவதில்லை. அவர் எதிர்க்கடைக்குள் பிறந்ததிலிருந்து கால் வைத்ததில்லை. உள்ளே நுழைந்தவர் ஒரு கணம் நின்றுவிட்டார். தன் பின்கட்டின் அதே வாசனை.

சாடி அடுப்பின் ஓரத்தில் இருந்தது. கழுவவும் மனசில்லாமல், தூக்கிப் போடவும் மனசில்லாமல், துணியால் மூடி வைத்திருந்தார்கள். ரொட்டிக்காரர் வெந்து இறுகிப்போன மாவைக் கரண்டியால் சுரண்டி எடுத்துச் சாம்பல் குழியில் போட்டு மூடினார். விளிம்பில் மட்டும் கொஞ்சத்தை விட்டுவைத்தார். அடியில் எங்கோ உயிர் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது என்று மீசை நினைத்துக்கொள்ளட்டும். பிறகு தான் கொண்டுவந்த பந்தைப் போட்டு, மாவும் வெதுவெதுப்பான தண்ணீரும் ஊட்டி, விரலாலேயே கலக்கினார். உதடுகள் தன்பாட்டில் ஒரு பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டிருந்தன. யாருக்காக என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. அந்த அம்மாவுக்காக இருக்கலாம்.

மேளச் சத்தம் தூரத்தில் மங்கியது. அவர் குனிந்து காத்திருந்தார். நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஓரமாக ஒரு சின்னக் குமிழ் மேலே வந்து, உடைந்தது.

ரொட்டிக்காரர் துணியை முன்பு இருந்த மடிப்பிலேயே போட்டு மூடினார். வந்த வழியே திரும்பிப் போய், சந்துக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டார்.