சாராய வண்டியில் பட்டாளச் சின்னம்

1965 செப்டம்பரில் சொரிமுத்துவுக்குக் கறுப்பு பெயிண்ட் போதவில்லை. பாகிஸ்தானோடு சண்டை மூண்டதிலிருந்து பம்பாயில் ஓடுகிற வண்டிகளுக்கெல்லாம் முகப்பு விளக்கின் மேல்பாதியைக் கறுப்படிக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. தாராவியில் லாரிக்கு எழுதுகிற பெயிண்டர் என்றால் அவன்தான். முருகனும் மயிலும் எழுதிய கை, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை விளக்குக் கண்ணாடிக்குக் கறுப்படித்துக்கொண்டிருந்தது. இந்த வேலைக்குக் கழுதை போதும் என்று பெண்டாட்டி இசக்கியிடம் புலம்பினான்.

அந்தச் சமயத்தில்தான் கணேசபாண்டியன் ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் கள்ளச்சாராயம் கடத்துகிறவன் என்பது தாராவியின் லேபர் கேம்ப் குடியிருப்பு முழுக்கத் தெரிந்த ரகசியம். வேனுக்கு ஏற்கெனவே பட்டாளப் பச்சை அடித்திருந்தது. இரண்டு பக்கமும் ராணுவச் சின்னம் எழுத வேண்டும், குறுக்காக இரண்டு வாள், மேலே அசோகச் சிங்கம், அச்சு அசலாக இருக்க வேண்டும் என்றான். கூலி ஒரு மூட்டை அரிசி. ரேஷனில் புழுத்த சோளம் வாங்கித் தின்ற காலம் அது. அரிசி மூட்டை என்றால் யாருக்குத்தான் நாக்கு ஊறாது?

சொரிமுத்து தயங்கத்தான் செய்தான். இசக்கியின் தம்பி வெயிலுமுத்து பட்டாளத்தில் இருந்தான், அப்போது போர்முனையில். போன வருஷம் லீவில் வந்தவனுடைய தகரப் பெட்டியில் அந்தச் சின்னத்தை எழுதித் தருகிறேன் என்று சொரிமுத்து ஆசையாகப் பிரஷை எடுத்தபோது, அவன் பெட்டியைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"வேண்டாம் அத்தான். இது டூட்டியில நிக்கிறவனுக்கு உள்ளது. ரோட்டுல இதப் பாத்தா ஏன் எதுக்குன்னு கேக்காம வழி விடுதாங்க. என் பெட்டிக்கு எதுக்கு வழி விடணும்?"

பிழைக்கத் தெரியாத பயல் என்று அன்றைக்குச் சிரித்தாயிற்று. இப்போது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தும், படம்தானே, முருகனை எழுதவில்லையா என்று சொரிமுத்து தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மனசறிந்து செய்த தப்பு அது. மச்சினன் பொங்கலுக்கு அனுப்பிய வாழ்த்து அட்டையில் சின்னம் அச்சாகியிருந்தது. அதையே பார்த்து எழுதினான். சாமி படத்துக்குச் செய்வதுபோலக் கடைசியில் சூடம் கொளுத்திச் சிங்கங்களுக்குக் கண் திறந்தான். தள்ளி நின்று பார்த்தால் அவனுக்கே மலைப்பாக இருந்தது. அரிசி வந்தது. இசக்கி கேட்டதற்கு, லாரிக்காரர் ஒருவர் கொடுத்தார் என்று சொல்லிவிட்டான்.

பதினைந்து நாள் சாராய வண்டிக்கு ராஜமரியாதை. நகர எல்லைச் சோதனைச் சாவடியில் வாளையும் சிங்கத்தையும் கண்டதும் போலீஸ்காரர்கள் விறைப்பாக சல்யூட் அடித்துத் தடுப்புக் கட்டையைத் தூக்கினார்கள். பதினாறாம் நாள் சாவடிக்குப் பக்கத்திலேயே வண்டி குடைசாய்ந்து ரோடெல்லாம் சாராயம் ஓடியது. கணேசபாண்டியன் ஊருக்குக் கம்பி நீட்டினான். சல்யூட் அடித்தவர்கள் ஊர் சிரிக்க நின்றார்கள். அன்றிலிருந்து அந்தச் சின்னம் போட்ட வண்டி எதுவானாலும் சோதித்துத்தான் விட வேண்டும் என்று சாவடிக்கு உத்தரவு. சொரிமுத்து வாழ்த்து அட்டையைக் கூரையில் செருகி ஒளித்தான். யாரும் அவனைத் தேடி வரவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தான்.

சண்டை நின்று பத்து நாள் கழித்துத் தந்தி வந்தது. வெயிலுமுத்துவுக்கு வயிற்றில் காயம். தேவ்லாலி பட்டாள முகாமில் கிடந்தவனை ஆபரேஷனுக்காகப் பம்பாய் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள்.

புருஷனும் பெண்டாட்டியும் உச்சிவெயிலிலேயே ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விட்டார்கள். தம்பிக்குப் பிடிக்குமென்று இசக்கி அந்த அரிசியில் கஞ்சி காய்ச்சித் தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்தாள். இரண்டு மணிக்கு வர வேண்டிய வண்டி நாலேகாலுக்கு வந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் அக்கா கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. ஐந்து மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது, இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

வண்டி ஓட்டிவந்த சிப்பாய் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் பழுதானதால் பட்டாள வேனில் கொண்டுவந்ததாகவும், சாவடியில் நிறுத்திவிட்டதாகவும் இந்தியில் சொன்னான். உள்ளே ஆள் சாகக் கிடக்கிறான் என்று அவன் கத்தியிருக்கிறான். போன தடவையும் இதே வாள்தான், இதே சிங்கம்தான், கட்டுப் போட்டுப் படுக்கவைத்துக் கடத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறோம் என்றார்களாம். காகிதம் சரிதானா என்று மேலதிகாரியைக் கேட்கப் போனில் லைன் கிடைக்க இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது.

தகரப் பெட்டியைக் கொண்டுவந்து இசக்கியின் முன்னால் வைத்தார்கள். மூடியில் பெயரும் நம்பரும் மட்டும் இருந்தன.

சொரிமுத்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேன், அட்டை, அரிசி என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இசக்கியின் அழுகை நின்றுபோயிற்று. அவள் தூக்குச்சட்டியைத் திறந்து, கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்தாள். போலீஸில் போய்ச் சொல்லிவிடுகிறேன், படம்தானே என்று நினைத்துவிட்டேன் என்று அவன் முனகினான். அவள் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள்.

"போய்ச் சொல்லுங்க. கேக்கிறவன்கிட்ட எல்லாம் இதையும் சொல்லுங்க. அந்தச் சின்னம் பட்டாளத்துக்காரன் உசிர ஈடா வச்சு ஊருக்குக் குடுத்த வாக்கு. டூட்டியில நிக்காத எவனும் அத எடுத்துப் போட்டான்னா, வாக்கு பொய்யாப் போவும். பொறவு நெசமானவன் வந்து நின்னாலும் ஊரு நம்பாது. எந் தம்பி வந்து நின்னான். நம்பல."