சூப்புக் கொம்பு

ப்ராகிலிருந்து வந்திருந்த இசைக்குழுத் தலைவர் ப்ரோகெஷ் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஹினெக் எழுதிய வாத்தியக் கதை, வார்த்தையே இல்லாமல் வாத்தியங்களே சொல்லும் கதை, இந்த ஊர் மண்டபத்தில் ஞாயிறு மதியம் ஒலிக்கும். கதைச் சுருக்கத்தைத் தாளில் அச்சடித்துக் கொடுக்கக் கூடாது. தலைப்பும் சொல்லக் கூடாது. கேட்டவர்களில் ஒருவராவது இது எதைப் பற்றியது என்று தானாகச் சொல்லிவிட்டால், ப்ராகில் தம்முடைய பெரிய குழுவை வைத்தே வாசிப்பார். இல்லையென்றால் ஹினெக் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இங்கேயே கிடக்கலாம்.

நிபந்தனையில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் எவன் இசை எழுதினாலும் கூடவே ஒரு தாளும் வந்துவிடும். 'இங்கே கப்பல் மூழ்குகிறது' என்று அதில் போட்டிருந்தால் மண்டபமே கைக்குட்டையை எடுக்கும். தாள் இல்லாவிட்டால் மூழ்குவது கப்பலா, கல்யாணமா என்று யாருக்கும் தெரியாது.

ஹினெக்கின் அக்கா அபொலேனாவுக்குத் தாள் இருந்தாலும் தெரியாது. அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தவள் அவள்தான். பெரிய ஏரியில் மீன் பிரிக்கும் பெண்களுக்கு அவள் தலைவி. கெண்டையைக் கையில் தூக்கினாலே எடை சொல்லிவிடுவாள். ஆனால் இசை கேட்டால் மற்றவர்களுக்குத் தெரிகிற காட்சி எதுவும் அவளுக்குத் தெரிந்ததில்லை. போன குளிர்காலக் கச்சேரியில் பக்கத்தில் இருந்தவர்கள் விசும்பி விசும்பி அழ, அவள் கண்ணுக்கு முப்பது பேர் மும்முரமாக மரம் அறுப்பதுபோலத்தான் இருந்தது. வெட்கத்தில் அதை யாரிடமும் சொல்லவில்லை. தம்பி கதையிலாவது ஏதாவது தெரியுமா என்று அவளுக்கு அத்தனை ஆவல். இரண்டு மாதமாக அவனைக் குடைந்து பார்த்தாள். அவன் வாயே திறக்கவில்லை.

ஞாயிறு மதியம் மண்டபத்தின் மாடி வரிசையில் பதினோரு மீனவர்களோடு உட்கார்ந்தாள். எல்லாரும் முகம் மழித்து வந்திருந்தார்கள். கால்களில் மட்டும் ஏரி பூட்ஸ்தான், வேறு செருப்பு யாரிடமும் கிடையாது. பக்கத்தில் வலைக்காரர்களின் மூத்த ஆள் ரெஹோர்.

ஹினெக் கோலை உயர்த்தினான். செல்லோக்கள் அடியிலிருந்து முனகத் தொடங்கின. முன்வரிசையில் மருந்துக்கடைக்காரரின் மனைவி கணவன் காதில் கிசுகிசுத்தாள்.

"நிலா எழும்புதுங்க."

"நிலாவாவது! படை வருது. முரசு கேக்கலை?"

அபொலேனா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பாதிரியார் கண்ணை மூடியிருந்தார். நிச்சயம் சொர்க்கத்தைப் பார்க்கிறார். எங்கேதான் பார்க்கிறார்கள் இதையெல்லாம்? அவளும் கண்ணை மூடினாள். இருட்டுதான் தெரிந்தது. செல்லோக்கள் படிப்படியாகக் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தன. மேலே வயலின்கள் இடம் போதாமல் துடித்தன.

"அண்ணே, உனக்கு ஏதாச்சும் தெரியுதா?" என்று ரெஹோரிடம் கேட்டாள்.

"ஒரு மண்ணும் தெரியலைம்மா. ஆனா என்னமோ கால் சில்லிடுது."

அவளுக்கும் சில்லிட்டது. அது என்ன என்று யோசிப்பதற்குள் குழுவின் நடுவிலிருந்து கொம்பு ஊதியது. நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று.

பதினோரு பேரும் எழுந்தார்கள். தொப்பியை எடுத்தார்கள். பூட்ஸுக்குள் எப்போதும் செருகி வைத்திருக்கும் மரக்கரண்டிக்குக் கை போனது. பலகைத் தளம் தடதடக்க வரிசையாகப் படியிறங்கினார்கள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பாதிப் படியில்தான் அபொலேனாவுக்குத் தானும் அவர்களோடு இறங்கிக்கொண்டிருப்பது உறைத்தது. உள்ளே வாத்தியங்கள் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தன.

"ஐயையோ," என்றாள். "என்ன காரியம் பண்ணிட்டோம்!"

தம்பியின் வாழ்க்கையைக் காலால் எட்டி உதைத்தாயிற்று. கைதட்டல் ஓய்ந்ததும் ப்ரோகெஷ் படியருகே வந்தார். பின்னால் ஹினெக், முகம் வெளுத்து.

"பாதியிலே எழுந்து வர்ற அளவுக்கு மோசமா?" என்றார் ப்ரோகெஷ்.

"மோசம்னு யாருங்க சொன்னது?" என்றான் ரெஹோர். "சூப்புக் கொம்பு ஊதுச்சு. வந்தோம்."

"என்ன கொம்பு?"

"மதகு திறந்து ஏரி வடிஞ்சு, வலை இழுத்து, மீனைத் தொட்டியிலே போட்டதும் ஊதுவாங்க. ஊதினா கரையேறிச் சூப்பு குடிக்கணும். அதைத்தானே வாசிச்சாங்க? தண்ணி வடியறப்பவே கால் சில்லிட்டுதே எனக்கு!"

ப்ரோகெஷின் புருவம் மேலே போனது. "தலைப்பு 'ஏரி வடிகிறது'தான்," என்றார் மெதுவாக. "ஹினெக், ஜெயிச்சுட்டே."

அதோடு நின்றிருக்கலாம். ரெஹோர் நிற்கிற ஆளா? "ஆனா தப்பா ஊதிட்டீங்க தம்பி. மீன் இன்னும் வலையிலே துள்ளுது, அதுக்குள்ள கொம்பா?" சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். முகம் மாறியது. "இரு. இது அந்த வருஷம்."

மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். ரெஹோர் சிரிக்கவில்லை.

"இருபத்திரண்டு வருஷம் முன்னாடி, ஐயா, கொம்பு என் பொறுப்பு. கம்பத்திலே மாட்டிட்டு ஒதுங்கப் போனேன். யாரோ ஊதிட்டாங்க. எல்லாரும் வலையைப் போட்டுட்டு ஓடி, பாதி மீன் சேத்திலே போச்சு. நான் ஊதலைன்னு மாதா மேல சத்தியம் பண்ணேன். ஒரு பய நம்பலை. கொம்பைப் பிடுங்கிட்டாங்க. இன்னிக்கும் இவனுங்க என்னைப் பசிக்காரன்னுதான் கூப்பிடறானுங்க." ஹினெக் பக்கம் திரும்பினான். "அப்ப நீ ஆறு வயசுப் பொடியன், கரையிலே உக்காந்திருந்தே. யார் ஊதினா?"

ஹினெக் தரையைப் பார்த்தான்.

"ஊருக்கே தப்புன்னு தெரியறதை நான் எப்படி வாசிக்கறது?" என்றார் ப்ரோகெஷ். "கொம்பைக் கடைசிக்குத் தள்ளிடு."

"தள்ள மாட்டேன். அது அங்கதான் ஊதுச்சு."

"காரணம் சொல்லு."

"சொல்ல முடியாதுங்க."

"அப்ப ப்ராகையும் மறந்துடு."

அபொலேனா தம்பியைப் பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு மாதம் அவன் ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போது அவளுக்குப் புரிந்தது. அவள் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறாள். பதினைந்து வயதில், பாவாடையெல்லாம் சேறாக, இரண்டு கையாலும் கொம்பைத் தூக்கிக்கொண்டு. வெட்கத்தில் காதுவரை சுட்டது.

"நான்தான் ஊதினேன்," என்றாள்.

ரெஹோரிடம் தம்பியைக் கை காட்டினாள்.

"குளிர்லே இவனுக்கு உதடெல்லாம் நீலம் பாரிச்சிடுச்சு. கொம்பு ஊதாம சூப்பு தர மாட்டேன்னு கொப்பரையிலே காய்ச்சறவ விரட்டிட்டா. செத்துடுவான்னு பயந்துட்டேன், அண்ணே. அப்புறம் சொல்லப் பயம். அதுக்கப்புறம் சொல்லாததாலேயே பயம்."

அழுகையை அவளால் அடக்க முடியவில்லை. ரெஹோர் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கையிலிருந்த கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பிழைச்சுட்டான் இல்லே," என்றான் கடைசியில், ஹினெக்கைப் பார்த்து. அபொலேனாவைப் பார்க்கவில்லை. பிறகு ப்ரோகெஷிடம் திரும்பினான்.

"ஐயா, காரணம்தான் தெரிஞ்சுடுச்சே, கொம்பை நகர்த்தாதீங்க. அங்கயே இருக்கட்டும். நான் ஊதலைன்னு ப்ராகே கேக்கட்டும்."