சோம்புப் பாலின் சூடு

என் கணவர் ஹில்கேவுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். ரத்தத்தில் ஏற்றும் மருந்து நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைபட்டிருக்கும். சூடு கண்ட இடத்தில்தான் குமிழி உடையும். அதனால் குழாய் வழியே வெந்நீர் விட்டு, சிறுநீர்ப்பையை மட்டும் ஒரு மணி நேரம் சூடாக வைத்திருக்க வேண்டும். போன முறை இவர் வலியை மறைத்துக்கொண்டே கிடந்தார். பாதியில் தசை இறுகி, எல்லாவற்றையும் நிறுத்தும்படி ஆயிற்று. இன்றும் நின்றுபோனால் சிறுநீர்ப்பையையே எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வலிக்குதா?" என்று கேட்டாள் நர்ஸ் மார்லூஸ்.

"பரவாயில்ல."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

"ஃபிரீஸ்லாந்துக்காரன் வேற என்னம்மா சொல்வான்?"

அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. எனக்கு ஃபிரீஸ்லாந்தில் எங்கள் ஊர்க் கால்வாய் நினைவுக்கு வந்தது. இப்போதெல்லாம் அது உறைவதே இல்லை. அந்த நாளில் உறைந்த கால்வாயின் மேலேயே கடை போட்டு, சோம்புப் பால் காய்ச்சி விற்பேன். உதடு நீலம் பாரித்துப் பனிமேல் சறுக்கி வருகிறவன்கூடக் குளிருகிறது என்று சொல்லமாட்டான். ஆனால் பனியைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், அவன் குறை சொல்லி மாளாது. ஹில்கே என்னிடம் முதன்முதலில் பேசியதே அப்படித்தான்: "உன் கடை முன்னாடி ஒரே விரிசல் புள்ள, எவன் இதுல சறுக்குவான்?" சூடான கோப்பையைக் கையில் திணித்தேன். இரண்டு கையாலும் அதை இறுகப் பொத்திக்கொண்டார்.

மார்லூஸின் காதோரம் சொன்னேன்: "வலியப் பத்திக் கேக்காதம்மா. பனி எப்படி இருக்குன்னு கேளு."

அவள் சிரிக்கவில்லை. "இன்னிக்குப் பனி எப்படிங்க இருக்கு?"

ஹில்கே கண்ணை மூடிக்கொண்டார். "படு மட்டம். இடது கரையோரம் மேடு தட்டுது. பாலத்துக்கிட்ட ரொம்ப மெலிசு, எப்ப உடையுமோ."

"இடது பக்கம்... கீழயா?"

"கீழதான்."

அவள் நீரின் அழுத்தத்தைச் சற்றுக் குறைத்தாள், சூட்டைக் குறைக்கவில்லை. இடுப்புக்கடியில் ஒரு தலையணையைச் செருகினாள். "இப்ப?"

"இப்பப் போலாம். கடக்காரிதான் இன்னும் பால் தரல."

"முடிச்சுட்டு வா கிழவா, தரேன்," என்றேன்.

அந்த ஒரு மணி நேரம் முடியும்வரை அவள் பனியையே விசாரித்துக்கொண்டிருந்தாள். அவரும் அதைத் திட்டிக்கொண்டே இருந்தார். சூடு இறங்கவில்லை. குழாயை எடுத்ததும், சோம்புப் பால் கொண்டுவந்திருந்த பிளாஸ்க்கைத் திறந்தேன். குடிக்கும்முன் நானும் ஹில்கேவும் தலைகுனிந்து கர்த்தருக்கு நன்றி சொன்னோம். சூட்டை அவர் எங்கிருந்தாவது தருகிறார். வேண்டிய இடத்தில் கொண்டுசேர்க்க ஒரு மனுஷக் கையைத்தான் கேட்கிறார்.

மார்லூஸுக்கும் ஒரு கோப்பை நீட்டினேன்.

"சர்க்கர தூக்கலா இருக்கும்," என்றார் ஹில்கே அவளிடம். "அப்பவும் இப்படித்தான்."