நாலு கோடு

"அந்தக் கிளிப்பக் கீழ அமுக்கு. இன்னும் கொஞ்சம். பயப்படாத, ஒடையாது."

கட்டிலில் படுத்துக்கொண்டே எட்வர்ட் சொன்னார். ஒரு சொல் வரும், பிறகு மூச்சு வாங்கும், பிறகு அடுத்த சொல் வரும். மனைவி ஹெலன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியைப் படுக்கப் போட்டு, திருப்புளியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"டாக்டர் உன்னப் பேசக்கூடாதுன்னு சொன்னாரா இல்லியா? மூக்குல டியூப்ப மாட்டிக்கினு இது ஒண்ணுதான் கொறச்சல் உனக்கு!"

"கொறச்சல்தான். அமுக்கு."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் ஆயுசு பூராவும் எலக்ட்ரீஷியனாக இருந்த மனிதர். சீட்டு, சினிமா, குடி எதுவும் கிடையாது. இருந்த ஒரே கிறுக்கு இதுதான். ஆலை ஆபீசுகளில் கழித்துப் போடும் கம்ப்யூட்டர்களைக் காயலான் கடையில் எடை போட்டு வாங்கி வருவார். உள்ளே தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சில்லு இருக்கும். அது வேகமாக ஓடக்கூடியதுதான், ஆனால் செய்தவனே வேகத்தைக் குறைத்துப் பூட்டி விற்கிறான் என்பார். சில்லின் மேல் ஜோடி ஜோடியாக நாலு இடத்தில் பொடிப் புள்ளிகள். ஜோடிக்கு நடுவே இருந்த இணைப்பை வெட்டிவிட்டதுதான் பூட்டு. பென்சிலைக் கூராகச் சீவி, புள்ளிக்குப் புள்ளி ஒரு கோடு இழுத்தால் போதும். பென்சில் கரியில் கரண்டு பாயும், பூட்டு திறந்துகொள்ளும். எழுநூறு மெகாஹெர்ட்ஸில் ஓடுவது தொள்ளாயிரத்தில் ஓடும். வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி வருவதற்கு முன்னால் சுவிட்சைப் போட்டு, திரையில் முதலில் வரும் அந்தத் தொள்ளாயிரத்தைக் காட்டிவிடுவார்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கோடு மங்கும், மறுபடி இழுப்பார். இந்தத் தடவை கோடு மங்கி, மறுபடி இழுப்பதற்குள் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, கடைசியில் அவர்களே "வீட்டுக்குக் கூட்டிக்கினு போங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். காலையில் கண் விழித்ததும், "ஒரு தபா தொள்ளாயிரத்துல பாத்துடணும் ஹெலன்" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இன்ன குழம்பு வேண்டும், இன்ன சட்டை வேண்டும் என்று வாய் திறந்து கேட்டறியாத மனிதர். கேட்டுவிட்டாரே என்றுதான் ஹெலன் வேலையை எல்லாம் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

காற்றாடி கழன்று வந்தது. சில்லும் தெரிந்தது, புள்ளிகளும் தெரிந்தன. பென்சிலைத்தான் காணோம். ஆக்சிஜன் மெஷினுக்கு இடம் பண்ணியபோது அவருடைய தட்டுமுட்டை எல்லாம் வாரிக் குப்பை வண்டியில் போட்டது அவளேதான். மத்தியானத்தில் தெருமுனைக் கடை சாத்தியிருக்கும். இந்த இழுப்பு இழுக்கிற மனிதரை விட்டுவிட்டு எங்கே போவது? அலமாரி டம்ளரில், மீஞ்சூரில் கட்டிக்கொடுத்த பிறகும் அவர் பாப்பா என்றே கூப்பிடும் மகள் பூமிகா விட்டுப்போன புருவப் பென்சில் ஒன்று கிடந்தது. கறுப்புதானே, எதுவாய் இருந்தால் என்ன என்று எடுத்துச் சீவினாள்.

"ஒரு கோடு இன்னொரு கோட்ட ஒட்டக் கூடாது."

"ஒட்டல. நீ சும்மா இரு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு கோடும் போட்டாள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி சுவிட்சைப் போட்டாள். கம்ப்யூட்டர் திரையின் முதுகுதான் கட்டில் பக்கம் இருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. எழுநூறு. அணைத்துப் போட்டாள். அப்போதும் எழுநூறு.

"இன்னா வந்துச்சி?"

"தொள்ளாயிரம்," என்றாள் ஹெலன்.

எட்வர்ட் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையைத் திருப்பு என்று கேட்டுவிடுவாரோ என்று அவளுக்குப் பதறியது. அவர் கேட்கவில்லை.

"சூப்பரு," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "பாப்பாவுதை எடுத்த எடத்துலயே வெச்சிடு. வந்தா தேடுவா," என்றார்.

வைத்தாள். விளக்கு வைக்கும் முன்பே மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் கூடத்தில் ஐஸ் பெட்டி. அதற்கு பிளக் வேண்டுமென்று கம்ப்யூட்டரைப் பிடுங்கி மூலையில் தள்ளியிருந்தார்கள். அடக்கத்துக்குப் பாஸ்டர் வரவேண்டியதுதான் பாக்கி. எட்வர்டோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த ராஜமாணிக்கம், நிலைப்படி ஓரமாக உட்கார்ந்து, சிலுவைக்கட்டையில் பெயின்ட் அடிப்பதற்கு முன்பாகப் பெயரைப் பென்சிலால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்த ஹெலன், எழுந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ராஜமாணிக்கம், நேத்து அது ஓடல. எழுநூறுதான் வந்துச்சி. சாவப்போற மனுசங்கிட்ட தொள்ளாயிரம்னு வாய்கூசாம பொய் சொல்லிட்டேன்டா."

"கோடு சரியா போட்டீங்களா அண்ணி?"

"நாலும் சுத்தமா போட்டேன்."

"எந்தப் பென்சில்ல?"

எடுத்து வந்து காட்டினாள். ராஜமாணிக்கம் அதைக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தான். "அய்ய, இது மெழுகு அண்ணி. இதுல எங்க கரண்டு போவும்? எழுதற பென்சிலுதான் வேணும். எனக்கு இத சொல்லிக் குடுத்ததே அண்ணன்தான். நீங்க இத எடுத்தத அவரு பாக்கலியா? பாத்திருந்தா அப்பவே சொல்லியிருப்பாரே."

பாப்பாவுதை எடுத்த எடத்துலயே வெச்சிடு.

ஹெலன் அந்தப் புருவப் பென்சிலைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். பார்த்திருக்கிறார். அவள் சீவும்போதே பார்த்திருக்கிறார். ஓடாது என்று தெரிந்துதான் கோடு ஒட்டக் கூடாது என்றார், தெரிந்துதான் சூப்பரு என்றார்.

"அடப் பாவி மனுசா!" ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியை உள்ளங்கையால் படபடவென்று அடித்தாள். நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. பெண்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். அழுது தீர்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தப் பென்சிலக் குடு."

"பேரு பாதிதான் எழுதிக்கிறேன் அண்ணி..."

"பேரு எங்கியும் ஓடிப்போவாது. குடு."

பெட்டியை இழுத்துப் படுக்கப் போட்டாள். ராஜமாணிக்கம் காற்றாடியைக் கழற்றிக் கொடுத்தான். நேற்றைய மையைத் தேங்காய் எண்ணெய் தொட்டு வழித்து, புடவைத் தலைப்பால் அழுந்தத் துடைத்தாள்.

"மா, இன்னாமா பண்ற? எல்லாரும் பாக்கறாங்க," என்று பூமிகா தோளைப் பிடித்தாள்.

"பாக்கட்டும்."

நாலு கோடு. ஒவ்வொன்றாக இழுத்தாள். ராஜமாணிக்கம் காற்றாடியைத் திரும்ப மாட்டி, ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. வந்தவர்களுக்குக் காட்டும்போது எழுத்துகள் ஓடிவிடாமல் எட்வர்ட் எப்போதும் அழுத்தி நிறுத்தும், கீபோர்டின் அந்த ஓரத்துப் பித்தானை ஹெலன் அழுத்தினாள். எழுத்துகள் அப்படியே நின்றன. தொள்ளாயிரம்.

கம்ப்யூட்டர் திரையை இரண்டு கையாலும் பிடித்து, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கையில் பிளக்கோடு நின்றிருந்த ராஜமாணிக்கம், "பாஸ்டர் வந்துட்டாரு அண்ணி," என்றான்.

"நாற்காலி போட்டு ஒக்கார வை. உங்கண்ணன் பாத்துட்டு வரட்டும்."

கண்ணாடி மூடியில், மாலைக்கு மேலே, அந்த வெள்ளை எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பி விழுந்திருந்தன.