முப்பத்திரண்டாவது பெயர்

எங்கள் கட்சிக் கிளையில் இறந்தவர்களின் பெயரை வாசித்த பிறகுதான் கூட்டம் தொடங்கும். செயலாளர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் "இருக்கிறார்" என்பார்கள். இந்த நாடு முழுக்க இடதுசாரிகளிடம் உள்ள பழக்கம்தான். சுரங்கம் இடிந்து போனவர்கள், ராணுவம் கூட்டிப்போய்த் திரும்பாதவர்கள், நெஞ்சில் கரித்தூள் அடைத்துப் படுக்கையில் போனவர்கள் என்று லோட்டா என்ற எங்கள் சுரங்க ஊர்க் கிளைக்கு முப்பத்தொரு பேர். பதினாறு வருடமாக நான்தான் செயலாளர். ஜெபமாலை உருட்டுவதுபோல் அந்தப் பெயர்கள் எனக்கு வரும். அதில் ஓர் ஆபத்து உண்டு. வாய் தன் பாட்டுக்குப் போகும், மனம் வேறெங்காவது இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மாலை என் மனம் தீர்மானத்தில் இருந்தது. கட்சியின் கொள்கை அறிக்கையிலிருந்து "மார்க்சியம்" என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று தலைநகரிலிருந்து எல்லாக் கிளைகளையும் கேட்டிருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பு அதைப் பேசத் தொடங்கி, பேச்சு சண்டையில் முடிந்திருந்தது.

சண்டை போட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி யஸ்னா. முப்பத்து நான்கு வயது, நகரமன்ற உறுப்பினர். நான் பள்ளிக்கூடத்தில் சமைப்பவள். எங்கள் ஊரில் சமையல்காரியைப் பிள்ளைகள் அத்தை என்றுதான் கூப்பிடும். என் கையால் அவித்த அவரைக்கொட்டையைச் சாப்பிட்டு வளர்ந்த யஸ்னா இன்னும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். இன்னொருவர் உபால்தோ. எழுபத்தாறு வயது. கடலுக்கு அடியில் போன சுரங்கத்தில் இருபத்தெட்டு வருடம் நிலக்கரி வெட்டி, வலது கையில் இரண்டு விரலையும் பாதி நுரையீரலையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்.

"தோழர், நீங்க சொல்ற தொழிலாளி வர்க்கம் எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்" என்றாள் யஸ்னா. "சுரங்கம் மூடி எத்தனை வருஷமாச்சு? என் தம்பி பைக்ல சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிறான். அவன்கிட்ட மார்க்ஸ்னு சொன்னா, எந்த டீம்ல ஆடுறாருன்னு கேப்பான்."

"அந்த பைக் யாரோடது?"

"அவனோடதுதான்."

"பெட்ரோல்?"

"அவன்தான் போடுறான்."

"கீழ விழுந்தா?"

யஸ்னா முன்னால் கிடந்த தாள்களை அடுக்கினாள்.

"எங்களுக்கு முதலாளி ஒரு மண்வெட்டியாவது குடுத்தான்" என்றார் உபால்தோ. "முதலாளி மூஞ்சி எப்படி இருக்கும்னும் தெரியும். உன் தம்பிக்கு ரெண்டும் இல்ல. இப்பத்தான் மார்க்ஸ் புத்தகம் வேணும், பொண்ணே."

"புத்தகத்தக் கையில வச்சுக்கிட்டே தோத்துக்கிட்டிருக்கோம். போன தேர்தல்ல உங்க தெருவே வலதுசாரிங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டுச்சு. பேரு இருந்து என்ன பண்ண? குழாயில தண்ணி வரணும், ஆஸ்பத்திரியில டாக்டர் இருக்கணும். அதச் செஞ்சா அதுதான் சோசலிசம். நீங்க கட்சியில இல்ல தோழர், மியூசியத்துல இருக்கீங்க."

சிலர் சிரித்துவிட்டார்கள். உபால்தோ எழுந்தார், வெகுநேரம் இருமினார், போய்விட்டார். மறுநாள் விலகல் கடிதம் வந்தது. அதன்பின் யாரும் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. கோபம் ஆறட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். அவருக்கு ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருக்கிறார்கள், தனியாக இருக்கிறார் என்று தெரிந்தும் இருந்துவிட்டேன். ராணுவ ஆட்சிக் காலத்தில் ஒரே தேவாலய நிலவறையில் சுவிசேஷத்தையும் அந்தப் புத்தகத்தையும் சேர்த்துப் படித்தவள் நான். நோயாளியைப் போய்ப் பார்க்காதே என்று இரண்டில் எதுவும் சொன்னதில்லை.

கடிதத்தை இறந்தவர்களின் நோட்டில், கடைசிப் பக்கத்துக்கு அடுத்ததாகச் செருகி வைத்திருந்தேன். கோடு போட்ட அதே மாதிரித் தாள். உச்சியில் பெரிய எழுத்தில் அவர் பெயர்.

அன்று கடலிலிருந்து பனி ஏறி வந்து ஜன்னலை அடைத்திருந்தது. எங்கள் மன்றத்துக்கு அடியில்தான் பழைய சுரங்கப்பாதை கடலை நோக்கிப் போகிறது. இப்போது அதில் முழுக்கத் தண்ணீர். அலை பெரிதாக இருக்கும் நாளில் தரைப்பலகை வழியாக ஒரு மெல்லிய தட்டல் கேட்கும். அன்றும் கேட்டது. நான் நோட்டைத் திறந்து வாசித்தேன். பெயர், "இருக்கிறார்". பெயர், "இருக்கிறார்". முப்பத்தொன்று முடிந்தது. என் கை பக்கத்தைப் புரட்டியது, வாய் நிற்கவில்லை.

"தோழர் உபால்தோ சான்வேசா."

"இருக்கிறார்" என்றார்கள் எல்லோரும், பழக்கத்தில்.

பிறகு, அடங்கிய அந்த இடத்தில், ஒரே ஒரு குரல் பிந்தி வந்தது. அறையின் பின்னால், விறகடுப்புப் பக்கமிருந்து. கரகரத்த குரல்.

"இருக்கேன்."

எல்லோரும் திரும்பினோம். அடுப்புப் பக்கம் யாருமில்லை. மீன்பிடிக்கிற எரிபெர்த்தோ எழுந்து போய்க் கதவைத் திறந்தான். "கிழவன் வெளிய நின்னு ஒட்டுக் கேக்குறான், பாருங்க" என்றான். வெளியே பனி மட்டும் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து, முன்பு உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்காராமல் முன்வரிசைக்கு வந்துவிட்டான்.

என் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர். கீழே போனவன் மேலே வரத் தாமதமானால் அவன் பெயரைச் சத்தமாகச் சொல்லாதே என்பார். இல்லாதவர்களோடு சேர்ந்து பதில் சொல்ல அவன் பழகிவிடுவானாம்.

"அடுத்ததுக்குப் போலாம்" என்றாள் யஸ்னா. "பேசினதெல்லாம் போதும். அந்த வார்த்தைய எடுக்கணும்கிறவங்க கை தூக்குங்க."

ஆறு கைகள்.

"வேண்டாம்கிறவங்க."

ஆறு கைகள்.

யஸ்னா எழுதப் போனாள், எழுதாமல் நின்றாள். அறையில் நாங்கள் பதினொரு பேர்.

"யாருப்பா ரெண்டு கை தூக்குனது?" என்றான் எரிபெர்த்தோ. "சமத்துவம்னா அது இல்லப்பா."

யாரும் சிரிக்கவில்லை. மறுபடி எண்ணினாள். எடுக்கணும், ஆறு. வேண்டாம், ஆறு. "அத்தை, நீங்க எண்ணுங்க" என்றாள். நான் முகங்களைப் பார்த்து எண்ணினேன், பதினொன்று. கைகளைப் பார்த்து எண்ணினேன், பன்னிரண்டு. பன்னிரண்டாவது கை அடுப்புக்குப் பின்னால், சுவரோரம், தோள் உயரத்துக்குத்தான் எழும்பியிருந்தது, மேலே தூக்க மூச்சு போதாதவர் தூக்குவதுபோல. நான் அதன் கீழே முகத்தைத் தேடியபோது சுவரில் சட்டம் போட்ட பழைய படங்கள்தான் இருந்தன.

நோட்டை மூடினேன். "யஸ்னா, காரை எடு."

அவள் எங்கே என்று கேட்கவில்லை. மேடு ஏறும்போது பாதையையே பார்த்தபடி சொன்னாள்: "அந்தக் கையில ரெண்டு விரல் இல்ல அத்தை."

"தெரியும்."

"நான் அவர மியூசியம்னு சொன்னேன்."

"நான் அவர செத்தவங்களோட சேத்து வாசிச்சேன். சீக்கிரம் போ."

வழியெல்லாம் வாய்க்குள் ஒரே ஜெபம் ஓடியது. ஆண்டவரே, நான் சொன்னதைக் கேட்காதீர். என் நாக்கு செய்த பிழைக்கு அவரைக் கூட்டிக்கொள்ளாதீர்.

பழைய சுரங்கக் கம்பெனி வீட்டு வரிசை முழுவதும் இருட்டாக இருந்தது. "மத்தியானத்துலருந்து கரண்ட் இல்ல" என்றாள் வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண். "தாத்தா தூங்குறாருன்னு நெனச்சேன்." அவர் வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை. கதவு சும்மாதான் சாத்தியிருந்தது.

உபால்தோ சமையலறையில் மேசைமேல் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். இயந்திரம் ஊமையாகக் கிடந்தது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் காலடியில் இருந்தது. அதன் திருகைத் திறக்க மூன்று விரல்களின் வலு போதவில்லை போலும். உதடு நீலம். யஸ்னா தரையில் மண்டியிட்டு இரண்டு கையாலும் திருகினாள். காற்று சீறியது. குழாயை நான் அவர் மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டு பெயரைச் சொன்னேன். வேறென்ன செய்வது? பெயரைச் சொல்லி அனுப்பினவளே பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

சற்று நேரத்தில் நெஞ்சு ஒரு தரம் பெரிதாக ஏறி இறங்கியது. இன்னொரு தரம். யஸ்னா ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினாள். கண்ணைத் திறந்த உபால்தோ என்னைப் பார்த்தார்.

"ஃப்ரேசியா. பேரு வாசிச்சாங்க."

"நான்தான் தோழர். தப்பா வாசிச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

"பதில் சொன்னேன்." மூச்சு வாங்கினார். "கீழ இருந்து. எல்லாரும் அங்க இருந்தாங்க, முட்டி வரைக்கும் தண்ணியில நின்னுக்கிட்டு. சரி, வந்துட்டேன்னேன். அவங்க சேத்துக்கல. உன்னக் கூப்பிட்டது நாங்க இல்ல, மேல இருக்கிறவங்க கூப்பிடுறாங்க, அவங்க வர்ற வரைக்கும் உக்காருன்னாங்க."

யஸ்னா அழுதாள். "மியூசியம்னு சொன்னது தப்பு தோழர்."

"சொன்னது தப்பில்ல. டிக்கெட் வாங்கிட்டு ஒருத்தராவது உள்ள வந்திருக்கலாம்."

"பேசாதீங்க. மூச்சு விடுங்க."

"உன் தம்பி பைக்..."

"அத அப்புறம் பேசலாம். மூச்சு விடுங்க தோழர்."

ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துக்கொள்வார், ஆனால் இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் அதில் வந்தவர். கூடப் போக ஒருவருக்குத்தான் இடம். யஸ்னா ஏறிக்கொண்டாள். கதவு மூடும் முன் தலையை நீட்டிச் சொன்னாள்: "தீர்மானத்த அனுப்பாதீங்க அத்தை. இவரு வந்து கத்தட்டும். நானும் கத்துறேன். அப்புறம் எண்ணிக்கலாம்."

வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று நான் உள்ளே போனேன். மேசையைத் துடைத்தேன். அவருடைய கோப்பையைக் கழுவினேன். அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், சாம்பல் வரைக்கும் குளிர்ந்திருந்தது. அவர் உட்கார்ந்திருந்ததற்கு எதிரே இன்னொரு நாற்காலி, மேசையை ஒட்டி இழுத்துப் போடப்பட்டிருந்தது. நானும் யஸ்னாவும் அதில் உட்காரவில்லை. அதை உள்ளே தள்ள, உட்காரும் பலகையில் கை வைத்தேன்.

சூடாக இருந்தது. இப்போதுதான் ஒருவர் எழுந்துபோனதுபோல்.

கையை எடுக்காமல் நின்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. இந்த இரண்டு வாரத்தில் நாங்கள் யாராவது வந்து உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலி அது. சிலுவை போட்டுக்கொண்டு, யாரென்று தெரியாத அவருக்கு நன்றி சொன்னேன்.

"இனி நாங்க பாத்துக்கிறோம். நீங்க போய் ஓய்வெடுங்க" என்றேன், சத்தமாகவே.

பிறகு விறகு கொண்டுவந்து அடுப்பை மூட்டினேன். அவரைக்கொட்டை இருந்த டப்பாவைத் தேடி எடுத்து ஊறப்போட்டேன். அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்து, யார் எந்தக் கிழமை இந்த வீட்டுக்கு வருவது என்று பதினொரு பெயர்களையும் எழுதத் தொடங்கினேன்.