எட்டாம் நாளுக்கு முன்

எங்கள் நாட்டில் நடந்த கொலைகளைப் பற்றிய புத்தகங்கள் என் அலமாரியில் நான்கு தட்டு நிறைய இருக்கின்றன. ஹூயே ஊரில் அச்சகம் நடத்துகிறவன் என்பதால், வருகிறவர்கள் எல்லாம் ஒரு பிரதியைக் கையில் திணித்துவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள் எழுதியவை. முதல் பக்கத்திலேயே மலைகளின்மேல் பனி இறங்கிவிடும். பிறகு விமான நிலையம், ஓட்டல் அறை, எழுதியவருக்குத் தூக்கம் வராமல் போன கதை. செத்தவர்கள் மூன்றாவது அத்தியாயத்தில் வருவார்கள், அதுவும் எண்ணிக்கையாக. நல்ல புத்தகமே இல்லை என்று சொல்லமாட்டேன். பிழைத்தவர்களே எழுதிய சிலவற்றை உட்காரக்கூடத் தோன்றாமல் நின்றபடி படித்து முடித்திருக்கிறேன். ஆனாலும் கிஷாரா மலைக்காரர்கள் கொண்டுவந்த கைப்பிரதிக்கு அப்புறம்தான் எனக்கு மற்றதெல்லாம்.

அதில் பனி கிடையாது. தொண்ணூற்று நான்காம் வருஷம் ஏப்ரலில் அந்த ஒரே மலையில் கொல்லப்பட்ட டூட்சி இனத்தவரின் பெயர்கள் மட்டும்தான். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் இரண்டு வரி. யாருடைய பிள்ளை, எந்த வீடு, எப்படிப்பட்ட ஆள். ஒருவருக்கு, ‘சைக்கிள் ஓட்டத் தெரியும், பிரேக் பிடிக்கத் தெரியாது’ என்று இருந்தது. இன்னொருத்திக்கு, ‘கடன் கேட்டால் தருவாள், ஊரெல்லாம் சொல்லுவாள்.’ எழுதியவர்கள் பதினோரு பேர். முக்கால்வாசிப் பேர் விதவைகள், பாதிப் பேருக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். காப்பிக்கொட்டை கழுவும் நிலையத்தின் கிடங்கில் புதன்கிழமைதோறும் உட்கார்ந்து ஆறு வருஷத்தில் செய்து முடித்த வேலை.

அவர்களுக்குத் தலைமை வெனெராண்டா. அறுபதை நெருங்குகிற, ஒல்லியான, அதிகம் சிரிக்காத பெண்மணி. ஒரு பெயர் புத்தகத்தில் ஏற வேண்டுமானால் அந்த ஆளைத் தெரிந்த இரண்டு பேர் தனித்தனியாக வந்து சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஒரு வாய் போதாது, இரண்டு வாய். தலைநகர் கிகாலியிலிருந்து காரில் வந்த ஒருவர், தன் சித்தப்பாவின் பெயரை இவர் சேர்க்க மறுத்ததற்காகக் கிடங்கு வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாராம். அடுத்த புதன்கிழமை வெனெராண்டா வாடகை சைக்கிளின் பின்னால் ஒரு கிழவியை உட்காரவைத்துக் கூட்டிவந்தார். அந்தச் சித்தப்பா வீட்டில் எப்போதோ பாத்திரம் கழுவியவள். எல்லைப்பக்கம் எங்கோ இருந்தவளை நான்கு நாள் அலைந்து தேடிப் பிடித்திருக்கிறார். பெயர் ஏறியது. இதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

“எதுக்குக்கா இவ்வளவு கெடுபிடி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஒரே ஒரு பேரு தப்பாப் போனாப் போதும், வாத்தியாரே. பாத்தியா, எல்லாமே கட்டுக்கதைன்னு சொல்றதுக்கு ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. அவங்க வாயில போடறதுக்கு எங்கிட்ட ஒரு பேருகூடக் கிடையாது.”

என்னை வாத்தியார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். என் பெயர் தெலஸ்போர். அச்சகத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நான் பிறந்தது பக்கத்து நாடான புருண்டியில், அகதிகள் பிள்ளையாக. எல்லாம் முடிந்த பிறகு இங்கே வந்தவன். என் வீட்டில் ஒருவரும் சாகவில்லை. அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இது எனக்கு உறுத்தும். உறுத்தினால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் தேவைக்கு மேலே வேலை செய்வேன். அப்படித்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

மார்ச் மாதம். வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போனால்தான் ஏப்ரலில் மலையின் நினைவு நாளுக்குப் புத்தகம் கிடைக்கும். திருத்தப் படிகளைப் பார்க்க த்ரோசெல்லா வந்திருந்தாள். வெனெராண்டாவின் பக்கத்து வீட்டுக்காரி, பருமனானவள், சும்மா இருக்கும்போதும் சிரிக்கிறவள்.

“எங்கண்ணனுக்கு முன்கோபின்னு எவன் எழுதுனான்?”

“நீங்கதான் சொன்னீங்கன்னு இருக்கு.”

“பசியில இருந்தா கோவம் வரும். எப்பவும் பசி. அப்படி எழுது.”

எழுதினேன். அடுத்த பக்கம் வெனெராண்டாவின் வீடு. கணவர் கலிஸ்த், இரண்டு மகன்கள். த்ரோசெல்லா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது.

“பொண்ணு இல்லியே,” என்றாள்.

“எந்தப் பொண்ணு?”

“கைக்கொழந்தை. அஞ்சு நாளு. நான்தான் ரெண்டாம் நாளு கஞ்சி கொண்டுபோய்க் குடுத்தேன், மடியில வெச்சுக்கிட்டேன். அவளையுந்தான் கொன்னாங்க. வெனெராண்டா வாயத் தெறக்கமாட்டா. நீயும் கேக்காத.”

கேட்கவில்லை. கேட்காமல் செய்வதே உபகாரம் என்று நினைத்தேன். பிறந்ததற்கும் செத்ததற்கும் தாய் ஒரு வாய், த்ரோசெல்லா ஒரு வாய், சட்டம் சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மகன்களுக்குக் கீழே சேர்த்தேன்: ‘பெயரில்லாத பெண் குழந்தை. ஐந்து நாள்.’

திருத்திய படியை மலைக்கு அனுப்பிவைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை அந்தத் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெனெராண்டா அச்சகத்துக்கு வந்தார். மலையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார், செருப்பெல்லாம் செம்மண். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“பேரில்லாதவன்னு உங்ககிட்ட யாரு சொன்னது?”

“அக்கா, எட்டாம் நாளுதானே பேர் வெக்கறது. அஞ்சு நாள்லயே…”

“எட்டு நாள் ஆகல. அதுக்காகப் பேரு இல்லைன்னு ஆயிடுமா?” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “பேரு இருக்கு. அவ அப்பன் வெச்சுட்டாரு. எங்கிட்டதான் சொல்லல.”

பிறகு நின்றபடியே சொன்னார். கலிஸ்த் குறும்புக்காரர். மகள் பிறந்த அன்றைக்கே பெயர் கிடைத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். என்ன பெயர் என்று கேட்டால், எட்டாம் நாள் எல்லோருக்கும் முன்னால் சொல்வேன், உனக்கு மட்டும் தனியாகவா என்று கேலி. இவர் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். முதல் எழுத்தையாவது சொல் என்று கேட்டிருக்கிறார். குழந்தையின் காதில் மட்டும் ஏதோ கிசுகிசுத்துவிட்டு அவர் இவரைப் பார்த்துச் சிரிப்பாராம்.

“அஞ்சாம் நாளு அவங்க வந்தாங்க. என்னால ஓட முடியல. நீ சோளக்காட்டுக்குள்ள போ, பையனுங்களையும் இவளையும் கூட்டிக்கிட்டு நான் பின்னால வரேன்னாரு. புள்ளைய எங்கையிலேருந்து வாங்கிக்கிட்டாரு.” கையிலிருந்த தாளை இன்னொரு மடிப்பு மடித்தார். “அவ பேரு அவருகிட்ட இருக்கு, வாத்தியாரே.”

நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன். “அப்ப நீங்களே ஒரு பேர் வெச்சுருங்கக்கா. தாய் வெச்சா யாரு கேக்கப்போறாங்க?”

“அவரு வெச்ச பேரை மூடிட்டு அதுமேல நான் வேற ஒண்ணை வெக்கணுமா?”

“இல்லைன்னா அந்த இடத்தை வெறுமனே விட்டுரலாம்.”

“வெறுமனே விட்டா நிரப்பாத ஃபாரம் மாதிரி இருக்கும். ஊர்ல ஒவ்வொருத்தர் பேரையும் ரெண்டு வாயால கேட்டு வாங்குனவ நான். எம் மகளுக்கு மட்டும் சட்டம் வேறயா?” தாளை மேஜைமேல் வைத்தார். “அந்த வரிய எடுத்துருங்க.”

“அக்கா…”

“எடுத்துருங்க. பேரில்லாதவளா அவ அதுல இருக்க வேண்டாம்.”

போய்விட்டார். எனக்கு என்மேலேயே ஆத்திரம். முப்பது வருஷமாக ஒரு பெண் யாரும் தொடாமல் வைத்திருந்த ஒன்றை நான் போய்ப் பிசகாகத் தொட்டிருக்கிறேன். இப்போது அந்தக் குழந்தை புத்தகத்தில் இருக்காது. அது பிறந்ததற்கு ஒரு வரிகூட மிச்சமிருக்காது. இவரும் த்ரோசெல்லாவும் போய்விட்டால் அதோடு சரி.

மறுநாள் புதன்கிழமை. வேலையைப் போட்டுவிட்டுக் கிடங்குக்குப் போனேன். நடந்ததை எல்லோருக்கும் முன்னால் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வெனெராண்டா என்னைப் பார்க்காமல் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் த்ரோசெல்லாதான் வாயைத் திறந்தாள்.

“வெனெராண்டா, ஒண்ணு கேக்கறேன், அடிக்க வராத. பேர் வெக்கற அன்னைக்கு முதல்ல பேரு சொல்றது யாருடி?”

“அக்கம்பக்கத்துப் புள்ளைங்க.”

“அப்பன் எப்ப சொல்லுவான்?”

“கடைசியில.”

“உம் பொண்ணுக்கு அப்பன் வேலைய முடிச்சுட்டான். புள்ளைங்க வேலை அப்படியே கெடக்குது. அவங்க சாப்பிடவும் இல்ல, பேரு சொல்லவும் இல்ல. ஒரு ஆளுக்கு ஒரே பேருதான்னு உனக்கு யாரு சொன்னது? எனக்கே மூணு இருக்கு. அதுல ஒண்ணை வெளிய சொல்ல முடியாது.”

யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார்கள்.

“செத்த புள்ளைக்குப் பேர் வெக்கற சடங்கா?” என்றார் வெனெராண்டா.

“பொறந்த புள்ளைக்கு,” என்றாள் த்ரோசெல்லா.

வெனெராண்டா பட்டியலில் தன் வீட்டுப் பக்கத்தைத் திருப்பினார். அதற்குப் பிறகு அவர் பேசியதைக் கேட்டபோது இந்தப் பெண்மணியின் காலில் விழலாம் என்று தோன்றியது எனக்கு. அழவில்லை, நன்றி சொல்லவில்லை. “தேதி போடணும்,” என்றார். “பொறந்த தேதி, கொன்ன தேதி, பேரு வெச்ச தேதி. மூணையும் உள்ளபடி போடணும். முப்பது வருஷம் கழிச்சு வெச்சதுன்னு படிக்கறவங்களுக்குத் தெரியணும். அப்பா வெச்ச பேரு அவருக்கு மட்டும்தான் தெரியும்னு அதையும் எழுதணும். பொய் ஒரு வார்த்தை இருக்கக் கூடாது.”

“எழுதறேங்கக்கா.”

“நாளைக்கு. பள்ளிக்கூடம் விட்டதும்.”

வியாழக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு வாழைத்தோப்பு ஓரம் இருபது பிள்ளைகளுக்கு மேல் கூடிவிட்டன. பக்கத்து வீடுகளின் எல்லாப் பிள்ளைகளையும் அழைப்பதுதான் வழக்கம். வெனெராண்டா எல்லா வீடுகளுக்கும் போய்த்தான் அழைத்திருந்தார். எந்தெந்த வீடுகள், அந்த வீட்டுத் தாத்தாக்களில் யார் யார் அந்த ஏப்ரலுக்காக எத்தனை வருஷம் சிறையில் இருந்தார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. பிள்ளைகள் பிள்ளைகள்தான் என்று அவரும் யாருக்கும் பிரசங்கம் செய்யவில்லை. அழைத்தார், வந்தார்கள்.

முறைப்படி பிள்ளைகள் ஆளுக்கொரு சின்ன மண்வெட்டியோடு ஒரு துண்டு நிலத்தைக் கொத்தின. கொத்தியதைவிட மண்ணை ஒருவர்மேல் ஒருவர் போட்டதுதான் அதிகம். பிறகு வாழையிலையில் பீன்ஸ், கீரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பால். அந்தச் சாப்பாட்டுக்கு எங்கள் ஊரில் பெயரே குழந்தையின் கழிவு என்றுதான். அதைச் சொல்லிப் பிள்ளைகளை அருவருக்கவைப்பது பெரியவர்களின் பொழுதுபோக்கு. த்ரோசெல்லா விடுவாளா? “நல்லாத் தின்னுங்க, பாப்பா உங்களுக்குன்னே போட்டது,” என்றாள். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டே வழித்துச் சாப்பிட்டன.

சாப்பிட்டு முடித்ததும் பெயர் சொல்லும் நேரம். ஒரு பையன் ஒரு பாட்டுக்காரியின் பெயரைச் சொன்னான். இன்னொருத்தி தன் பெயரையே சொன்னாள், நல்ல பெயர் அதுதானாம். ஒரு பொடியன் ‘ஆப்பிள் ஜூஸ்’ என்றான். பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். வெனெராண்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார். தாய் உட்கார வேண்டிய இடம் அது. கைகளை மடியில் வைத்திருந்தார், மடியில் வேறொன்றும் இல்லை.

கெல்லியா என்று ஒரு சிறுமி, ஏழு வயதிருக்கும். அவள் மட்டும் பெயர் சொல்லாமல் பாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“பாப்பா எங்க?” என்றாள்.

சிரிப்பு அடங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. அவளை அந்தப் பக்கம் கூட்டிப்போகலாம் என்று நான் எழுந்தேன். வெனெராண்டா கையைக் காட்டி என்னை உட்காரவைத்தார்.

“இங்க இல்லம்மா. அவங்க அப்பாகிட்ட இருக்கா.”

“எப்பவுமா?”

“எப்பவும்.”

“அப்பா தூக்கி வெச்சிருக்காரா?”

“ஆமா. எங்கையிலேருந்து வாங்கிக்கிட்டாரு.”

கெல்லியா விரலில் ஒட்டியிருந்த பாலை நக்கியபடி யோசித்தாள்.

“அப்ப உவாசே,” என்றாள்.

அப்பாவின் பிள்ளை என்று அர்த்தம். எங்கள் ஊரில் வகுப்புக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர்தான். எங்க கிளாஸ்லயே மூணு உவாசே இருக்காங்க, வேற சொல்லு என்று ஒரு பையன் சண்டைக்கு வந்தான். த்ரோசெல்லா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் எழுதுவதற்காகக் கொண்டுபோன நோட்டைத் திறக்கவே இல்லை.

“இன்னொரு தரம் சொல்லு,” என்றார் வெனெராண்டா.

“உவாசே.”

அவர் தலையாட்டினார். பாயிலிருந்து எழுந்து, சோளக்காட்டைப் பார்த்து நின்று, விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் உரக்க, “உவாசே,” என்றார். முப்பது வருஷத்தில் தன் மகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.